உயில் முதலில் அம்மாவுக்காக

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிறோம். அம்மாவின் பெயருக்குக் கீழே பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. அப்பாவின் பெயரில் இருந்த வீடு அத்தனை பேருக்கும் பங்காகிவிட்டது என்பது அன்று பலருக்கும் உறைப்பதில்லை.

1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் சுயசம்பாத்தியத்தில் மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சமபங்கு. அவருடைய தாய் உயிரோடிருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. பாட்டி இல்லை என்றாலும், மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் அம்மாவுக்குக் கிடைப்பது கால் பங்குதான். தாலிக்கொடி தவிர எல்லா நகையையும் அடகு வைத்து அஸ்திவாரம் போட உதவியவர் அவர். பத்திரத்தில் பெயர் இல்லாததால் அந்த வீட்டிலேயே கால் பங்குக்காரர் ஆகிறார். மருத்துவச் செலவுக்கு வீட்டை விற்பதென்றால் எல்லாப் பிள்ளைகளும் கையெழுத்திட வேண்டும்.

சட்டத்தைக் குறை சொல்லவில்லை. மகளுக்கும் சமபங்கு தந்த நல்ல சட்டம் அது. ஆனால், எந்த வீட்டில் யார் யாரைத் தாங்குகிறார்கள் என்று அதற்குத் தெரியாது.

“எங்க பிள்ளைகள் அடிச்சுக்க மாட்டாங்க” என்பார்கள். சரி, அப்படியே இருக்கட்டும். ஒரு மகன் தந்தைக்கு முன்பே இறந்திருந்தால் அவன் பங்கு மருமகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் போகும். பேரன் மைனர் என்றால் அவன் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். எல்லோரும் நல்லவர்களாக இருந்தும் காரியம் நகராது. சிறு குழந்தைகளை வைத்திருக்கும் முப்பது வயதுப் பெற்றோருக்கும் இதே நிலைதான்.

உயிலைத் தள்ளிப்போடும் பலர் சொத்தை இப்போதே பிள்ளைகள் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். இதற்குத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். செட்டில்மென்ட் பத்திரம் பதிவானதும் சொத்து கைமாறிவிடுகிறது. கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை மீறப்பட்டால் அதை ரத்து செய்ய 2007ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் வழி தருகிறது. ஆனாலும், எழுபது வயதில் பெற்ற பிள்ளைக்கு எதிராக மனு ஏந்தி நிற்பது கொடுமை. உயிலோ நீங்கள் இருக்கும்வரை எதையும் பறிக்காது. மனம் மாறினால் மாற்றி எழுதலாம். கடைசியாக எழுதியதே செல்லும்.

வங்கியில் நாமினி போட்டிருக்கிறோமே என்ற நிம்மதியும் போதாது. நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர்தான், உரிமையாளர் அல்ல. நிறுவனப் பங்குகளுக்கு 2023இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியிருக்கிறது.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட்டால் போதும். சாட்சிகள் சொத்தில் பங்கு பெறாதவர்களாக, உங்களைவிட இளையவர்களாக இருப்பது நல்லது. நாளை நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். பதிவு கட்டாயமில்லை என்றாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள். மனைவிக்கு ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை மட்டுமா, விற்கும் உரிமையும் உண்டா என்பதை ஐயமற எழுதுங்கள். இந்த ஒரு வரி தெளிவில்லாமல் ஆண்டுக்கணக்கில் நடந்த வழக்குகள் ஏராளம். பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கை மட்டுமே எழுத முடியும். முஸ்லிம்களுக்கு உயிலால் தரக்கூடிய அளவு பொதுவாக மூன்றில் ஒரு பங்கு என்பதால் அவர்கள் வழக்கறிஞரைக் கேட்டு எழுதுவது அவசியம்.

சாவைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று நம் வீடுகளில் இந்தப் பேச்சையே எடுப்பதில்லை. அப்பாவின் அந்த மௌனத்துக்குக் கடைசியில் விலை கொடுப்பவர் அம்மா. வீட்டுப் பத்திரம் உங்கள் பெயரில் மட்டும் இருக்கிறதா? இந்த வாரமே மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து எழுதத் தொடங்குங்கள்.