டீச்சருக்கு கம்ப்யூட்டர் வராதாம்

"கம்ப்யூட்டர்னா லேடி டீச்சர்ஸுக்குக் கொஞ்சம் பயம் சார்." திருவெண்ணெய்நல்லூர் பக்கம் மட்டுமல்ல, தமிழ்நாட்டில் எந்த ஆசிரியர் அறையிலும் இதைக் கேட்கலாம். சொல்கிறவர் ஆண். பக்கத்திலேயே உட்கார்ந்து எமிஸ் செயலியில் வருகைப் பதிவு போட்டுக்கொண்டிருப்பவர் பெண்.

எது கம்ப்யூட்டர் வேலை என்று யார் முடிவு பண்ணுகிறார்கள்? ஹைடெக் லேபில் புரொஜெக்டரை ஆன் செய்தால் 'சாருக்கு எல்லாம் தெரியும்'. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்துக்காக ஒவ்வொரு பிள்ளையின் மதிப்பீட்டையும் செயலியில் ஏற்றினால் அது சும்மா ஃபோன் நோண்டுவது. தொடக்கப் பள்ளிகளில் அதைச் செய்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். இதே விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணம் பக்கம், 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியைத் தூக்கிச் சுமந்த தன்னார்வலர்களும் பெரும்பாலும் பெண்கள்தான்.

எஸ்தர் ஹர்கிட்டாயும் ஸ்டீவன் ஷேஃபரும் 2006-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஆட்களை உட்காரவைத்து இணையத்தில் தேடச் சொன்னபோது ஆண், பெண் திறமையில் பெரிய வித்தியாசமில்லை. 'உங்களுக்கு எவ்வளவு தெரியும்?' என்று கேட்டபோதுதான் பெண்கள் தங்களைக் குறைத்துச் சொன்னார்கள். அப்படியிருக்க, 'எனக்கு நம்பிக்கை உண்டு' என்ற கட்டத்தில் விழுந்த டிக்கை எண்ணிவிட்டு ஆசிரியர்களின் திறமையை அளந்துவிட்டோம் என்பது என்ன நியாயம்?

மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவனாகச் சொல்கிறேன். திரை உறைந்து நின்றால் சார் "சர்வர் ப்ராப்ளம்" என்பார். டீச்சர் "நான் ஏதோ தப்பா அமுக்கிட்டேன் போல" என்பார். பழுது ஒன்றுதான், பெரும்பாலும் எங்கள் ஆட்கள் செய்த பழுது. நெட் அறுந்தால் போட்டதெல்லாம் போகும்படி செயலி எழுதுகிறவர்கள் இந்த ஊர்க் கதையையாவது படித்திருக்கலாம். சுந்தரர் ஓலையைக் கிழித்துப் போட்டார். கிழவராக வந்த சிவன் மூல ஓலையைத் திருவெண்ணெய்நல்லூரில் பத்திரமாக வைத்திருந்தார். பேக்கப் எடுத்த கடவுள்!

தெரியாது என்று சொல்வதில் ஒரு கணக்கும் இருக்கிறது. தெரியும் என்று ஒருமுறை ஒத்துக்கொண்டால் பள்ளிக்கூடத்து மொத்த எமிஸ் வேலையும் அந்த டீச்சர் தலையில்தான். அப்புறம் விழுப்புரம் பஸ்ஸைப் பிடித்து, வீட்டில் உலை வைத்து, ராத்திரி பத்து மணிக்கு மறுபடி லாகின். சாரும் வேலை செய்கிறார்தான். ஆனால் அவர் புரொஜெக்டர் ஒயரை மாட்டிப் பார்த்துக் கழற்றி, சாயங்காலம் வரை லேபில் விளையாடிக் கற்றுக்கொள்ள வீட்டில் யாரோ நேரம் ஒதுக்கித் தருகிறார்கள். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்திய ஆண்கள் சுமார் 57 சதவீதம், பெண்கள் 33. அந்த இடைவெளி ஸ்டாஃப் ரூம் வாசலில் செருப்போடு நின்றுவிடுமா என்ன?

அதனால் பெண் ஆசிரியர்களுக்குத் 'தன்னம்பிக்கைப் பயிற்சி' என்று இன்னொரு சனிக்கிழமையைப் பிடுங்காதீர்கள். பயிற்சியைப் பள்ளி நேரத்தில் வையுங்கள். எமிஸ் பதிவுக்குத் தனி ஆள் போடுங்கள். ஹைடெக் லேப் சாவியையும் அட்மின் பாஸ்வேர்டையும் ஒரு வருஷம் டீச்சரிடம் கொடுங்கள். புரொஜெக்டர் கெட்டுப்போனால் போகட்டும், சார் கையிலும்தான் கெட்டது.