கானகமும் கணினி விளையாட்டும்

சென்ற விடுமுறையில் யாம் அறுவர் சவ்வாது மலையடிவாரத்துப் படவேட்டிற்குச் சென்றிருந்தோம். மலைப்பாதையில் ஏறத் தொடங்கியதும் எம் தோழரொருவர், "கரடி உலவும் இடமாம், ஓசைப்படாமல் குனிந்து வாருங்கள்" என்றார். காட்டிற் பிழைத்திருத்தலைப் பொருளாகக் கொண்ட கணினி விளையாட்டே அவருக்கு ஆசான். உடன்வந்த மலைவாழ் முதியவர் நகைத்து, "வாய்விட்டுப் பேசிக்கிட்டே வாங்க தம்பி, அது விலகிப் போயிடும்" என்றார்.

முதியவர் மொழியே மெய். புற்றைக் கிளறிக் கறையான் உண்ணுங்கால் கரடி பிறிதொன்றை எளிதில் உணராது. ஓசையின்றி அண்மிய மனிதனைத் திடீரெனக் காணின் அச்சத்தாற் பாயும். யானை பெரும்பாலும் செவி விரித்து எச்சரிக்கும். சிறுத்தை ஆளரவம் கேட்டு ஒதுங்கும். விளையாட்டிலோ விலங்குகள் கண்டவுடன் பாய்கின்றன. எதிர்ப்படும் மனிதரும் காரணமின்றிப் பகைவராகின்றனர். 2017-ஆம் ஆண்டு முழுமையாக வெளிவந்த 'தி லாங் டார்க்' என்னும் கனடா நாட்டு விளையாட்டு, மெய்யான ஓநாய்கள் தன்னுள் வருவனபோல் நடப்பதில்லை என்று தானே அறிவித்துவிடுகின்றது. அந்நேர்மை போற்றத்தக்கது, ஆயினும் அறிவிப்பு மறக்கப்படும், பழக்கமே நிலைக்கும்.

"உள்ளவாறு காட்டினால் சுவை குன்றுமே" என்பார் உளர். அவர் மலைபடுகடாத்தைக் கற்பாராக. இம்மலையிற் பிறக்கும் சேயாறு பாயும் நாட்டில், செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் கூத்தரை ஆற்றுப்படுத்தும் அந்நூல், 583 அடிகளில் காட்டு வழியின் இடர்களையும் கூறுகின்றது: பன்றிக்கு வைத்த பொறி, பாம்பு உறையும் குழி, தினைப்புனங் காப்போர் யானைமேல் எறியும் கவண்கல். அக்கல் வழிப்போக்கர்மீது பட்டால் உயிர் போகும்; ஆயினும் எறிந்தவன் அவர்க்குப் பகைவனல்லன். ஒவ்வோர் இடருக்கும் ஒரு காரணம் உண்டு. வழி தப்பினாலோ, இசைக்கருவிகளை முழக்குமாறு புலவர் கூறுகின்றார். கானவர் வந்து வழிகாட்டுவராம். இதனினும் சுவையுடைய ஆட்டம் யாது?

விளையாட்டை விலக்குக என்பது எம் கருத்தன்று. கணினி பயிலும் எம் கல்லூரித் தோழரும் தமிழ் பயிலும் யாமும் கூடி, விலங்கிற்கு அச்சமும் பசியும் குட்டியும் உண்டென்று காட்டும் ஓர் ஆட்டத்தை இயற்றல் வேண்டும். அன்று எம் தோழர் சொற்படி நடந்து, வளைவொன்றிற் கரடியை எதிர்ப்பட்டிருப்பின், மீண்டும் ஆடத் தொடங்க அங்கே பொத்தான் ஏது?