மயிலைக் காட்டுறீங்க, விதையைக் காட்டலையே

மழை இருட்டிக்கொண்டு வருகிறது. ஒரு மயில் தோகை விரிக்கிறது. பின்னணியில் புல்லாங்குழல். கனத்த குரலில் ஒருவர் இயற்கையின் அதிசயத்தைப் பற்றிப் பேசுகிறார். நம்ம ஊர் இயற்கையைப் பற்றி டிவியில் எது போட்டாலும் இந்தக் காட்சி எப்படியோ வந்துவிடுகிறது. அழகுதான், யார் இல்லை என்றது? ஆனால் அந்த மயில் நின்று ஆடுவது யாருடைய காடு, அங்கே முந்தாநாள் என்ன விதைத்தார்கள் என்று ஒரு படமும் சொல்லி நான் கேட்டதில்லை.

(எங்க பக்கம் காடுன்னா வனம் இல்லைங்க. மானாவாரி நிலத்தைத்தான் காடும்போம். படம் எடுக்க வர்றவங்களுக்கு முதல் குழப்பமே இங்கதான்.)

முந்தாநாள் விதைத்தது மக்காச்சோளம். ஏக்கருக்கு எட்டுக் கிலோ, கம்பெனி விதை. நாம் வரிசை பிடித்து ஊன்றினால் மயிலும் அதே வரிசை பிடித்து வரும். முளைத்ததைப் பிடுங்கி, அடியில் இருக்கிற விதையைத் தின்றுவிட்டுப் பயிரைப் போட்டுவிட்டுப் போகும். நிலக்கடலையிலும் இதே கதை. தக்காளியில் ஒரு கொத்து கொத்திவிட்டு அடுத்த பழத்துக்குப் போய்விடும். கொத்துப்பட்ட பழத்தை எந்த மண்டியில் வாங்குவார்கள்? பழைய சேலைகளைக் கிலோக் கணக்கில் வாங்கி வந்து வேலி கட்டுகிறோம். பஸ்ஸில் போகும்போது காட்டைச் சுற்றிக் கலர் கலராகச் சேலை தெரிந்தால் திருவிழா என்று நினைத்துவிடாதீர்கள். 1963-லிருந்து அது தேசியப் பறவை. 1972 வனவிலங்குச் சட்டத்தில் புலிக்கும் யானைக்கும் இருக்கிற அதே உச்சப் பாதுகாப்பு அதற்கும் உண்டு. சட்டத்தை விடுங்கள், முருகனோட வாகனத்து மேல யாரு கை வைப்பா? அந்தக் காலத்தில் முட்டையைத் தின்ன நரி இருந்தது. எங்கள் ஊரில் நரி ஊளையிட்டு எத்தனையோ வருஷமாச்சு.

சட்டம், சாமி, சேலை, காணாமல் போன நரி. ஒரு முழுப் படத்துக்கான சரக்கு இங்கே கிடக்கிறது. எடுக்க மாட்டார்கள். இயற்கைப் படம் என்றால் அதில் மனிதன் இருக்கக் கூடாது, விவசாயி படம் என்றால் அவன் அழ வேண்டும் என்று முன்பே பிரித்து வைத்துவிட்டார்கள். இரண்டும் ஒரே வரப்பில்தான் நடக்கிறது என்பது அந்தப் பிரிவினைக்கு ஒத்துவராது.

'தி எலிபன்ட் விஸ்பரர்ஸ்' 2023-ல் ஆஸ்கார் வாங்கியது. முதுமலை தெப்பக்காட்டில் எடுத்த படம். நல்ல படம், நானும் கண் கலங்கித்தான் பார்த்தேன். அந்தக் குட்டி ரகுவின் தாய் மின்சாரம் பாய்ந்து செத்தது. படம் அதைச் சுருக்கமாகக் கடந்து போய்விடுகிறது. எனக்கோ அங்கேயே நிற்கத் தோன்றியது. யானையும் மின்சாரமும் சந்திக்கிற இடம் பல நேரம் ஒரு விவசாயியின் வேலி. வேலியில் நேரடி மின்சாரம் விடுவது குற்றம், அதுக்கு நான் வக்காலத்து வாங்கலை. ஆனால் ஒரே ராத்திரியில் வாழைத்தோட்டம் போனவன் வீட்டில் மறுநாள் காலை என்ன பேசிக்கொண்டார்கள் என்பதும் அதே யானைக்கதைதானே?

இதெல்லாம் இன்றைக்கு வந்த பழக்கமும் இல்லை. அயர்லாந்துப் பக்கம் ஆரன் தீவுகளில் ஃபிளாஹெர்ட்டி எடுத்த 'மேன் ஆஃப் ஆரன்' 1934-ல் வந்தது. தீவுக்காரர்கள் சுறா வேட்டையை விட்டு ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. படத்துக்காக அவர்களுக்கே அதைக் கற்றுக்கொடுத்து வேட்டையாட வைத்தார். படத்தில் வரும் குடும்பமும் குடும்பமில்லை, ஆள் தேர்ந்தெடுத்துச் சேர்த்தது. அதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. வெறும் பாறை மேல் கடல்பாசியும் மண்ணும் பரப்பி, உருளைக்கிழங்கு போட நிலம் உண்டாக்குவார்கள். அது அந்த மக்கள் நிஜமாகவே செய்த வேலை. அந்தக் கிழங்கை விற்றால் என்ன கிடைத்தது, கடன் யாரிடம் என்று படத்தில் கிடையாது. டிஸ்னி 1958-ல் இன்னும் ஒரு படி மேலே போனது. லெமிங் என்ற எலி மாதிரிப் பிராணிகள் கூட்டமாகத் தற்கொலை செய்துகொள்ளும் என்று காட்ட, வேறு இடத்திலிருந்து விலைக்கு வாங்கி வந்து ஆற்றில் தள்ளிவிட்டுப் படம் பிடித்தார்கள். 'ஒயிட் வில்டர்னஸ்' என்ற அந்தப் படத்துக்கும் ஆஸ்கார்!

எங்கள் ஊருக்கும் ஒரு சேனல்காரர்கள் வந்தார்கள். இரண்டு நாள். டிராக்டரை ஓரமாக நிறுத்தச் சொன்னார்கள். பைக் தெரியக் கூடாதாம். மாடு இருக்கா என்றார்கள். என்னைக் காய்ந்த தட்டையைக் கையில் பிடித்து வானத்தைப் பார்க்கச் சொன்னார்கள். "ஏம்ப்பா, இது அறுவடை முடிஞ்ச தட்டை, காயத்தானே செய்யும்" என்றேன். "பரவால்ல சார், விஷுவல் நல்லாருக்கும்" என்றான் அந்தப் பையன். படைப்புழு வந்து மருந்துக்கு எவ்வளவு ஆச்சு, வியாபாரி ஈரம் பார்த்து எவ்வளவு கழித்தான் என்றெல்லாம் அரை மணி நேரம் பேசினேன். ஒளிபரப்பில் ஒரு வார்த்தை வரவில்லை. வானம் மட்டும் வந்தது.

இதனால் என்ன கெட்டுப்போச்சு என்று கேட்பீர்கள். மயில் தொல்லை என்று நான் சொன்னால், அதோட இடத்தை நீங்கதானே பிடிச்சீங்க என்று உங்களில் சிலர் சொல்கிறீர்கள். அப்பன் பாட்டன் காலத்திலிருந்து உழுத நிலம் மயிலோட இடம் என்று உங்களுக்கு யார் சொன்னது? அந்தப் புல்லாங்குழல்தான். எங்கள் நஷ்டஈட்டு மனுவை வாங்கிப் பார்க்கிற அதிகாரியும் அதே படங்களைப் பார்த்து வளர்ந்தவர்தானே.

'வயலும் வாழ்வும்' என்றாலே டவுன்காரர்களுக்குச் சிரிப்பு. சிரிங்க. ஆனால் அது எங்களைப் பார்த்துப் பேசியது. அதுக்கும் முன்னால் 1960-களில் திருச்சி வானொலி ஆடுதுறை 27 நெல்லைப் பற்றி விடாமல் சொல்லிச் சொல்லி, தஞ்சாவூர்ப் பக்கம் அதுக்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் வந்துவிட்டது. இப்போது வருவதெல்லாம் எங்களைப் பற்றி உங்களிடம் பேசுவது. நடுவில் நாங்கள் வெறும் விஷுவல்.

எடுக்க முடியாததா என்றால் அதுவும் இல்லை. 2019-ல் வந்த 'ஹனிலேண்ட்' பாருங்கள். வடக்கு மாசிடோனியாவில் கரண்ட் இல்லாத ஒரு மலைக்கிராமம், தேன் எடுக்கும் ஒரு பெண். மூன்று வருஷம் எடுத்திருக்கிறார்கள். பாதித் தேனை ஈக்களுக்கு விட்டு வைக்கிறாள், அது இயற்கை. மீதியை ஸ்கோப்யே சந்தைக்குக் கொண்டுபோய் விலை பேசி விற்கிறாள், அந்தப் பேரமும் படத்தில் இருக்கிறது. தலைக்கு அடிக்கச் சாயமும் வாங்குகிறாள். நம்ம ஊர் இயக்குநர் என்றால் அந்தச் சாயத்தை வெட்டியிருப்பார்.

வர்ற புரட்டாசியில மறுபடி விதைக்கிறோம். படம் எடுக்கறவங்க யாராச்சும் படிச்சீங்கன்னா வாங்க. தையில மூட்டை ஏறுற வரைக்கும் இருக்கணும். தங்க இடமும் சோறும் என் பொறுப்பு. வரவு செலவு நோட்டைப் பக்கம் பக்கமா எடுத்துக்கலாம். களை எடுக்க வர்ற அம்மாக்கள்கிட்டயும் பேசுங்க. நான் பக்கத்துல இல்லாதப்போ பேசுங்க. என் கூலியைப் பத்தி அவங்க என்ன சொல்றாங்களோ, அதுவும் படத்துல வரட்டும்.