பிள்ளைக்கு எந்தச் சம்பளத்தில் பங்கு?

ஊரில் மனைவி மக்களை விட்டுவிட்டு மும்பைக்கு வந்து, சில வருஷம் ஒழுங்காகப் பணம் அனுப்பி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசியில் நிறுத்தியே விடுகிற தகப்பன்மார்கள் நம்மிடையே இருக்கிறார்கள். தாராவியிலும் இருக்கிறார்கள், சயான் கோலிவாடாவிலும் இருக்கிறார்கள், ரயில்வே குவார்ட்டர்ஸிலும் இருக்கிறார்கள். மறைப்பதற்கில்லை.

இவர்கள் மீது ஜீவனாம்ச வழக்கு வரும்போது, கொடுக்க வேண்டுமா வேண்டாமா என்பது பெரிய கேள்வியாக இருப்பதில்லை. வசதியுள்ளவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாத மனைவியையும், பிள்ளைகளையும், பெற்றோரையும் காப்பாற்றியாக வேண்டும் என்று 1973-ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் அதே உரிமைதான். சண்டையெல்லாம் எவ்வளவு என்பதில். அது, அவர் சம்பாதிப்பது எவ்வளவு என்பதைப் பொறுத்தது. கண்ணாமூச்சி ஆட்டம் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு காலத்தில் இந்தப் பிரிவின் கீழ் மாதம் 500 ரூபாய்க்கு மேல் கொடுக்கச் சொல்ல மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் கிடையாது. அந்த உச்சவரம்பு 2001-ல் நீக்கப்பட்டுவிட்டது. “கோர்ட்டுக்குப் போனால் என்ன கிடைக்கும், வக்கீல் பீஸுக்குக் கூடக் காணாது” என்று சொல்லும் பெரியவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

மாதச் சம்பளக்காரரை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு மொத்தச் சம்பளம் 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருமான வரி, தொழில் வரி, கட்டாய ஓய்வூதியப் பிடித்தம் எல்லாம் சேர்ந்து 5,000 போகிறது. மீதி 55,000. அதற்குப் பிறகு கூட்டுறவு சொசைட்டிக் கடனுக்கு 16,000, எல்.ஐ.சி.க்கு 5,000, தாமே கேட்டு வைத்த கூடுதல் சேமிப்புக்கு 7,000. கையில் வருவது 27,000. கோர்ட்டில் இந்த 27,000-ஐத்தான் காட்டுகிறார்கள். “வாடகை கொடுத்தால் மிச்சம் ஒன்றுமில்லை ஐயா” என்கிறார்கள்.

ஆபீஸில் சம்பளச் சீட்டைப் பார்த்துப் பழகிய எந்தக் குமாஸ்தாவுக்கும் இது எப்படி நடக்கிறது என்று தெரியும். நோட்டீஸ் வந்த மறுமாதம் சொசைட்டியில் புதுக்கடன் விழும். சேமிப்புப் பிடித்தம் இரட்டிப்பாகும். சேமிப்பு அவர் பெயரில்தானே வளர்கிறது? கடன் வாங்கிய பணத்தில் அவர்தானே பிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தார்? சட்டப்படி கட்டாயமான பிடித்தங்களைத்தான் கழிக்கலாம், விருப்பப்பட்டு வைத்துக்கொண்டவற்றைக் கழிக்க முடியாது என்று பல உயர்நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. அதுவே நியாயம். பிள்ளையின் பங்கு 55,000-லிருந்து கணக்கிடப்பட வேண்டுமே தவிர 27,000-லிருந்து அல்ல.

எத்தனை சதவிகிதம் என்று கேட்பார்கள். அதற்குச் சட்டத்தில் எழுதி வைத்த எண் கிடையாது. 2017-ல் உச்சநீதிமன்றம் ஒரு வழக்கில், நிகரச் சம்பளத்தில் 25 சதவிகிதம் நியாயமாக இருக்கும் என்று சொன்னது. அது ஓர் அளவுகோல், அவ்வளவுதான். அந்த வழக்கிலேயே கணவர் மறுமணம் செய்து இன்னொரு குடும்பமும் இருந்ததால், சுமார் 95,000 ரூபாய் வாங்கியவர் மனைவிக்கும் மகனுக்கும் 20,000 கொடுத்தால் போதும் என்று முடிந்தது. பிள்ளைகளின் எண்ணிக்கை, படிப்புச் செலவு, நோய் நொடி, அவர்கள் வாழ்ந்த வாழ்க்கை, எல்லாவற்றையும் கோர்ட் பார்க்கும்.

சம்பளச் சீட்டே இல்லாதவர் கதை வேறு. இட்லி வியாபாரம், ஓட்டல் வேலை, தோல் பட்டறை, டாக்ஸி. எல்லாம் ரொக்கம். “வேலை இல்லை, கையில் காசு இல்லை” என்று ஒரு வரியில் முடித்துவிடலாம் என்பது நினைப்பு. 2020 நவம்பரில் ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் உச்சநீதிமன்றம் இதற்கு ஒரு வழி செய்தது. இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் சத்தியப் பிரமாண வாக்குமூலமாகக் கொடுக்க வேண்டும். பொய் சொன்னால் அதற்கே தனி நடவடிக்கை வரும். ஜீவனாம்சத்தை மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்கிட வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆகவே வாய்தா வாங்கி இழுத்தடித்தால் பாக்கிதான் ஏறும்.

உடம்பில் தெம்பு உள்ளவன் கூலி வேலை செய்தாவது கொடுக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2014-லும் 2022-லும் சொல்லியிருக்கிறது. வேலையை விட்டுவிட்டு நிற்பவருக்கும் அதில் இடமில்லை. ராணுவத்திலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிய ஒருவருக்கு உயர்நீதிமன்றம் 4,000 ரூபாயை 2,000 ஆகக் குறைத்தது. 2015-ல் உச்சநீதிமன்றம் அதைத் தள்ளி, 4,000-ஐயே மீண்டும் நிலைநிறுத்தியது.

“அவளும்தான் சம்பாதிக்கிறாள்” என்பது அடுத்த வாதம். தாயின் வருமானமும் கணக்கில் வரும், அதில் தப்பில்லை. 2000-ஆம் வருஷம் ஒரு வழக்கில் தகப்பன் சம்பளம் தாயின் சம்பளத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்ததால், பிள்ளைகளின் செலவை இருவரும் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் ஏற்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் பிரித்துக் கொடுத்தது. பீடி சுற்றியோ தீப்பெட்டி ஒட்டியோ பிழைக்கும் தாயின் கூலியைக் காட்டி, இங்கே மாதச் சம்பளம் வாங்குகிறவர் முழுவதுமாக விலகிக்கொள்ள அந்தத் தீர்ப்பில் வழி இல்லை.

இதில் நமக்கும் பங்கு உண்டு என்பதுதான் வேதனை. திருநெல்வேலியில் தாய் குடியிருந்தால் அங்கேயே மனுப் போடலாம், மும்பைக்கு அலைய வேண்டியதில்லை. ஆனால் அங்கிருந்து வரும் சம்மன் இங்கே வந்து என்ன ஆகிறது? ஒரே கோலியில் படுத்து எழுகிறவர்கள் “அவர் ரூமைக் காலி பண்ணிப் போய் ஆறு மாசம் ஆச்சு” என்கிறார்கள். கடை அண்ணாச்சி, “இந்தப் பேரில் என்னிடம் ஆளே இல்லை” என்று கை விரிக்கிறார். ஊர்க்காரன், சொந்தக்காரன், காட்டிக் கொடுக்கலாமா என்ற எண்ணம். அந்தப் பிள்ளையும் அதே ஊர்தானே, அதே சொந்தம்தானே! ஊர் பெயரில் சங்கம் வைத்து ஆண்டு விழா நடத்துகிறவர்கள் இந்த விஷயத்தில் மட்டும் ஏன் ஊமையாகிறார்கள் என்று கேட்கிறோம்.

சம்பளத்தை ஜப்தி செய்வதிலும் சட்டம் எந்தக் கடன் முதலில் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சிவில் நடைமுறைச் சட்டம் 60-ஆம் பிரிவின்படி, சாதாரணக் கடனுக்கான தீர்ப்பு என்றால் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. ஜீவனாம்சத் தீர்ப்பு என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டுமே பாதுகாப்பு. சொசைட்டிக் கடனைக் காட்டிப் பிள்ளையின் பங்கைப் பின்னுக்குத் தள்ளுகிறவர்கள் இதை ஒரு தடவை படித்துப் பார்க்கட்டும்.

நல்ல தகப்பன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்து அனுப்பும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. அந்தப் பணத்துக்கு ரசீது கிடையாது. நாளைக்கு வழக்கு என்று வந்தால், வருஷக்கணக்கில் அனுப்பியவரும் ஒன்றும் அனுப்பாதவரும் கோர்ட்டில் ஒன்றாகவே நிற்பார்கள். வங்கி வழியாக அனுப்புங்கள். உண்மையாகவே வேலை போய்விட்டாலோ நோயில் படுத்தாலோ, தொகையைக் குறைக்கச் சொல்லி அதே கோர்ட்டில் மனுச் செய்யச் சட்டத்தில் இடம் இருக்கிறது. சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்தினால் வாரண்டு வரும், ஒரு மாதம் வரை சிறையும் வரலாம். சிறைக்குப் போய் வந்தாலும் பாக்கி கழியாது என்று 1988-லேயே உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஊரில் உள்ள தாய்மார்களுக்கு இந்தப் பத்திரிகை போய்ச் சேராது. இங்குள்ள அவர்களுடைய அண்ணன் தம்பிகள் இரண்டு விஷயங்களை எழுதிப் போடட்டும், அல்லது போனிலாவது சொல்லட்டும். பாக்கி விழுந்தால், விழுந்த தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள் வாரண்டுக்கு மனுப் போட்டுவிட வேண்டும். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். 1987-ஆம் வருஷச் சட்டப்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே அங்கே இலவசமாக வக்கீல் வைத்துத் தருகிறார்கள். போகும்போது, அவர் இங்கே வேலை பார்க்கும் இடத்தின் விலாசத்தைச் சரியாக எழுதிக் கொண்டு போகட்டும். அந்த விலாசம் நம்மில் யாருக்காவது தெரிந்துதான் இருக்கும்.