மீன்களுக்கு மூச்சு முட்டுகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

கோடை விடுமுறையில் பேத்தியோடு வெளியூர் போயிருந்தபோது, அங்கிருந்த பொது மீன் காட்சியகத்துக்குப் போனோம். உள்ளே மின்சாரம் இல்லை. தங்கமீன்கள் எல்லாம் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. "தாத்தா, மீனுக்குப் பசிக்கா?" என்றாள் பேத்தி.

"பசியில்ல பாப்பா, மூச்சு முட்டுது. கரண்டு போயி முக்கால் மணி நேரமாச்சு" என்றார் ஊழியர். பிளாஸ்டிக் குவளையில் தொட்டித் தண்ணீரை மொண்டு, உயரத்திலிருந்து அதே தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தார். தண்ணீரில் காற்றைக் கலக்க அவருக்கு இருந்த ஒரே வழி அது. தொட்டிகள் பதினைந்து, அவரோ ஒரே ஆள். வாசலில் மட்டும் புது டைல்ஸ், வண்ண விளக்கு, படம் எடுத்துக்கொள்ளப் பெரிய சுறா பொம்மை!

தண்ணீர் தெளிவாக இருந்தால் மட்டும் போதாது. மீன் செவுள் வழியே வெளியேற்றும் அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது. வடிகட்டியில் வாழும் பாக்டீரியாக்கள்தான் அதை நைட்ரைட்டாக்கி, பிறகு ஆபத்துக் குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகின்றன. மோட்டார் நெடுநேரம் நின்றால் அவையும் மடியும். மறுபடி பெருக வாரக்கணக்கில் ஆகும். நம் வெயிலோ இன்னும் கொடுமை. 20 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான்.

1909-இலேயே மெரினாவில் மீன் காட்சிச்சாலை திறந்த ஊர் சென்னை. 1942-இல் உலகப்போர்க் காலத்தில் அது மூடப்பட்டது. அப்படி முன்னோடியாக இருந்த மாநிலத்தில், இன்று மீன்களின் உயிர் ஒரு குவளையை நம்பி இருக்கலாமா?

அதிகாரிகளே, பொதுக் காட்சியகங்களைப் புதுப்பிக்க நிதி ஒதுக்கும்போது, நல்ல பம்பு, உயிரியல் வடிகட்டி, மின்சாரம் நின்றதும் தானாக ஓடும் ஜெனரேட்டர் ஆகியவற்றை முதலில் வாங்குங்கள், அலங்காரம் பிறகு. அம்மோனியா, ஆக்சிஜன், வெப்பநிலை அளவுகளைத் தினமும் சோதித்து, டிக்கெட் கொடுக்கும் இடத்தில் எழுதிவையுங்கள். ஊழியர்களுக்கு முறையான பயிற்சி கொடுங்கள்.

எங்கள் தாமிரபரணியில் மட்டுமே வாழும் கெண்டை ஒன்று உண்டு. அதன் அறிவியல் பெயரிலேயே நதியின் பெயர் இருக்கிறது. இப்பகுதிப் பிள்ளைகள் அதைக் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. ஆனால், கரண்டு போனால் மூச்சும் போகிற தொட்டியில் அதைக் கொண்டுவந்து விடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஆலங்குளம், தென்காசி மாவட்டம்.