விலையும் விருந்தும்

‘காசு கொடுத்து உண்ணும் இடத்தில் விருந்து ஏது? அங்கே வணிகம் அன்றோ உண்டு!’ என்று நண்பர் ஒருவர் அண்மையில் வினவினார். அவர் கணித ஆசிரியர். கொடுத்தது இவ்வளவு, பெற்றது இவ்வளவு என்று கோடிட்டுக் கணக்கை முடித்துவிடுவார். கணக்கிற்கு அது பொருந்தும். மனிதர்க்கும் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

‘விருந்து’ என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பொருள். தொல்காப்பியர் செய்யுளியலில், புதிதாகப் புனையும் யாப்பினையும் விருந்து என்றே வழங்கினார். அச்சொல் பண்பாகுபெயராய்ப் புதியராய் வந்தாரைக் குறித்து நின்றது. இந்நாளில் அவர்க்கு இடும் உணவையும் குறிக்கின்றது. ஆதலின் விருந்தின் உயிர் இலையில் இல்லை, வருபவரிடத்தே இருக்கின்றது. புதியவர் ஒருவர் வாயிலில் வந்து நிற்கிறார். அவருக்கு இடம் தெரியாது, வழக்கம் தெரியாது, வாய்விட்டுக் கேட்கவும் நாணம். அந்த நாணத்தைப் போக்குவது எதுவோ, அதுவே விருந்தோம்பல். அதனை இல்லறத்தார் செய்தால் என்ன? உணவுச்சாலை நடத்துவோர் செய்தால் என்ன?

திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரம் அனிச்சமலரோடு முடிகின்றது. அம்மலர் மோந்தால் வாடும். விருந்தினரோ முகம் வேறுபட்டு நோக்கினாலே வாடுவர். இதற்கு உரை வகுத்த பரிமேலழகர், தொலைவிற் காணும்போது இன்முகம், அணுகியபோது இன்சொல், உடன்பட்டபோது நன்று ஆற்றல் என மூன்றினை முறைப்படுத்துகிறார். முதலாவதாகிய இன்முகம் இல்லையெனில், விருந்தினர் தொலைவிலேயே வாடி நீங்கிவிடுவர் என்பது அவர் காட்டும் நுட்பம். இந்த நுட்பத்தை யான் ஏட்டிற் கற்றது ஒருமுறை. கடற்கரையிற் கண்டது ஒருமுறை.

எங்கள் ஊர் ஹேவாஹெட்ட. கண்டியைச் சூழ்ந்த மலைநிலம். இப்பகுதியைச் சேர்ந்த லூல்கந்துரா தோட்டத்திலேதான் 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இலங்கையின் தேயிலை வணிகம் அங்கே வேர்கொண்டது. அதற்கு முன்னரே, கோப்பித் தோட்டங்களுக்கென்று தமிழகத்திலிருந்து தோணியேறியவர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். பசியாலும் நோயாலும் வழியில் மாண்டவர் பலர். அந்த இருநூறாண்டு வரலாற்றை நினைந்து, 2023ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் ஒன்று நிகழ்ந்ததை வாசகர் அறிவர்.

கடலைக் கடந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் கடலை அறியாதிருப்பது ஒரு விந்தை. தோட்டத்து லயங்களில் கடல் என்பது கருவாடாகவும் நெத்தலியாகவுமே அடுப்பை அடைகின்றது. பலருக்குக் கடல் பிரிவின் பெயருமாகும். 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகுத்தது. அண்ணன் ஒரு கரை, தங்கை ஒரு கரை என்று குடும்பங்கள் பிளந்தன. இத்தகைய மக்கள் இன்று விடுமுறையில் கடற்கரைக்குச் செல்கின்றனர் என்றால், அஃது உல்லாசம் மட்டும் அன்று. பழைய கணக்கொன்றைப் புதிதாக எழுதும் முயற்சியுமாகும்.

கடந்த ஆண்டு, சோளகக் காற்று வீசிக் கீழைக்கடல் அமைதியாயிருந்த பருவத்தில், யானும் என் மனைவியும் திருக்கோணமலைக்குப் புறப்பட்டோம். தோட்டத்தில் கொழுந்தெடுத்து ஓய்வுபெற்ற மூதாட்டி ஒருவரும் அவருடைய மகனும் மருமகளும் இரு பேரக்குழந்தைகளும் உடன் வந்தனர். மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று பஸ்வண்டி இறங்க இறங்க, குழந்தைகள் ‘கடல் எப்போது வரும்?’ என்று கேட்டபடி இருந்தனர். சம்பந்தர் பாடிய கோணேசர் கோயிலை வணங்கி, நண்பகலில் உணவு தேடினோம்.

முதலில் நின்ற உணவுச்சாலை பெரியது. பலகையில் மீன்களின் படங்கள் இருந்தன. பெயர்கள் ஆங்கிலத்தில் இருந்தன. விலை மட்டும் இல்லை. வாயிலில் நின்ற இளைஞர் எங்களை ஏறிட்டுப் பார்த்தார். பின்னர் எங்கள் கைப்பைகளைப் பார்த்தார். பின்னர் வேறெங்கோ பார்த்தார். ஒரு சொல்லும் கடிந்து சொல்லவில்லை. ஆயினும் மூதாட்டி, ‘பசிக்கல வாத்தியாரையா, பெறகு சாப்பிடலாம்’ என்றார். பசி இருந்தது; அனிச்சம் வாடிவிட்டது.

சற்றுத் தள்ளி, நீரோரமாக ஓலை வேய்ந்த சிறிய கடை ஒன்று. நடத்துபவர் நடுவயதுப் பெண்மணி. எங்களைத் தொலைவிற் கண்டதும் எழுந்து வந்தார். ‘வாங்கோ ஐயா, அம்மா வாங்கோ. முதல்ல மீனைப் பாருங்கோ, விலையையும் கேளுங்கோ. இருக்கிறதா போறதா எண்டு பிறகு முடிவெடுக்கலாம்’ என்றார்.

தட்டிலே ஐஸ்கட்டிகளின்மேல் கிடந்தவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டு, இது விளைமீன், இது பாரை, இது சீலா, இது அறக்குளா, அது கணவாய் என்று பெயர் சொன்னார். பெயரோடு விலையும் சொன்னார். மூதாட்டி தயங்கி, ‘எங்களுக்குக் கருவாடுதான் தெரியும் தாயி. பச்சை மீனு பேரு வெளங்காது’ என்றார். ‘நீங்கள் சாப்பிட்ட கருவாடும் கடல்ல துள்ளினதுதானே அம்மா!’ என்று சிரித்தார் அவர். குழந்தைகள் சிங்கி இறாலைக் காட்டியபோது, ‘அது விலை கூட, ராசா. இந்தப் பாரை ஒண்டு எல்லாருக்கும் காணும்’ என்று தம் ஆதாயத்தைத் தாமே குறைத்துக்கொண்டார்.

சோறு வந்தது, மீன்குழம்பு வந்தது, பாரை பொரியலாய் வந்தது. உண்டுகொண்டிருந்த மூதாட்டி அலையைப் பார்த்தபடி, ‘அண்ணனைத் தலைமன்னாருல கப்பலேத்திவிட்ட அன்னைக்குக் கடலைப் பார்த்தது. அதுக்கப்புறம் இன்னைக்குத்தான்’ என்றார். யாரும் விடை சொல்லவில்லை. கடைக்காரப் பெண்மணி மட்டும் அவர் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தார். அத்துண்டுக்குக் கணக்கில் விலை இல்லை.

கணித நண்பர் அந்த ஒரு துண்டையே விருந்து என்று ஒப்புவார். ஏனையவற்றை வணிகம் என்பார். யான் அவ்வாறு கொள்ளேன். எல்லாவற்றினும் பெரிய விருந்து, அப்பெண்மணி விலையை முதலிலேயே சொன்னதுதான். 2024ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ரூபாவாக வரையறுக்கப்பட்டது. கடற்கரை உணவுச்சாலையில் ஒரு தட்டுப் பெரிய இறாலின் விலை இதனை விஞ்சுவது அரிதன்று. அந்நிலையில் உள்ளவர்க்கு, விலை தெரியாத உணவு தொண்டையில் இறங்குமா? விலையைக் கேட்டால் வறுமை வெளிப்படும். கேளாது உண்டால் அச்சம் உடன் உண்ணும். கேளாமுன் சொல்லுதல் இவ்விரு துன்பத்தையும் ஒருங்கே நீக்குகின்றது.

இது நம் முன்னோர் அறியாததன்று. பெரும்பாணாற்றுப்படையில், வழிச்செல்லும் பாணனுக்கு ஒவ்வொரு நிலத்தாரும் தத்தமக்கு உள்ளதை அளிக்கின்றனர். வலைஞர் குடியில் சுட்ட மீன் கிடைக்கின்றது. அந்நூலை யாத்த கடியலூர் உருத்திரங்கண்ணனாரே பட்டினப்பாலையையும் பாடினார். அதிலே காவிரிப்பூம்பட்டினத்து வணிகர், கொள்வதை மிகையாகக் கொள்ளாமலும் கொடுப்பதைக் குறைத்துக் கொடுக்காமலும், விலையை வெளிப்படச் சொல்லி விற்கின்றனர். விலையின்றி ஊட்டும் வலைஞரையும், விலை சொல்லி விற்கும் வணிகரையும் ஒரே புலவர் ஒரே பெருமிதத்தோடு பாடியது கருதத்தக்கது. அவருடைய உள்ளத்தில் விருந்தும் விலையும் பகையாக இருக்கவில்லை. மறைத்த விலையே விருந்துக்குப் பகை.

‘விலையை எழுதிவைத்தால் உணவுச்சாலையின் மதிப்புக் குறையும், மீனின் விலையோ நாள்தோறும் மாறும்’ என்று சிலர் கூறுவர். நாள்தோறும் மாறுவதை நாள்தோறும் எழுதக் கரும்பலகை ஒன்றும் சுண்ணக்கட்டி ஒன்றும் போதும்; நாங்கள் பள்ளிக்கூடத்தில் அதைத்தானே செய்கிறோம்! மேலும், வணிகர் விலையைக் காட்சிப்படுத்தல் வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும் விதிக்கின்றது. சட்டத்திற்கு அஞ்சி எழுதுவதினும், விருந்தினர் வாடுவரே என்று அஞ்சி எழுதுவது சிறப்பு.

விலையோடு பெயரும் வேண்டும். தமிழகத்தார் வஞ்சிரம் என்பதை நாம் அறக்குளா என்கிறோம். இத்தகைய பெயர்கள் வலை இழுப்போர் நாவில் வாழ்கின்றன. பலகைக்கு வரும்போது மறைந்துவிடுகின்றன. ஆங்கிலம் அறிந்த வெளிநாட்டார்க்கு ஆங்கிலத்தில் எழுதுக. வேண்டாம் என்பார் யார்? அதன் பக்கத்திலே தமிழிலும் சிங்களத்திலும் எழுதுக. மலையிலிருந்து வரும் குழந்தை தன் மொழியில் மீனின் பெயரைப் படித்து, அதையே உண்டு மகிழுமாயின், நெய்தல் நிலத்தைப் பற்றி நாங்கள் வகுப்பறையில் உரைக்கும் பத்துப் பாடங்கள் அந்த ஒரு வேளை உணவில் அடங்கிவிடும்.

கீழைக்கரை பெருந்துயர் கண்ட கரை. போர்க்காலத்தில் அங்குக் கடற்றொழிலுக்கும் கட்டுப்பாடுகள் இருந்தன. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை குடியிருப்புகளை வாரிச் சென்றது. 2009இல் போர் ஓய்ந்தபின்னரே அமைதியாக உல்லாசப் பயணிகள் வரலாயினர். அவர்களுக்கென உணவுச்சாலைகள் பெருகிவருகின்றன. இக்காலத்தில் எந்த வழக்கம் ஊன்றப்படுகின்றதோ, அதுவே நாளை மரபாகும். டொலர் கொணர்பவர்க்கு ஒரு முகம், பொட்டணம் கொணர்பவர்க்கு ஒரு முகம் என்பது மரபாகிவிடலாகாது.

ஆசிரிய அன்பர்களுக்கும் ஒரு சொல். மாணவரைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லும்போது, கோயிலையும் கோட்டையையும் காட்டித் திரும்பிவிடாதீர்கள். கரைவலை இழுக்கும் இடத்தில் நிறுத்தி மீன்களின் பெயரைக் கேட்கச் செய்யுங்கள். உண்ணும் இடத்தை, முகமும் விலையும் ஒருங்கே திறந்திருக்கும் கடைகளுள் தேர்ந்தெடுங்கள். பெரிய கடையை வெறுக்கவேண்டியதில்லை, அதுவும் கற்றுக்கொள்ளும். விருந்தினர் எங்கே செல்கின்றனர் என்பதை வணிகர் விரைந்து கற்பர்.

கணித நண்பருக்கு யான் கூறும் விடை இதுவே: உணவுக்கு விலை உண்டு, அதனைக் கொடுப்பது நம் கடமை. அந்த விலையை நாம் நாணாதபடி சொல்லும் முகத்திற்கு விலை இல்லை, அதுவே விருந்து.