மைலேஜ் செட்டிங் என்னும் மூடத்தனம்

பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டிகளைக் கொல்வது காலமன்று, ‘மைலேஜ் செட்டிங்’தான். 1985 முதல் 1996 வரை இந்தியாவில் தயாரான இந்த டூ-ஸ்ட்ரோக் வண்டி எங்கே திணறினாலும், கார்புரேட்டரின் ஏர் ஸ்க்ரூவை வெளியே திருகிவிடுவதே நம்மவர் அறிந்த ஒரே வைத்தியம். அந்தத் திருகு ஆள்வது ஐடிலிங்கையும் அதையடுத்த சிறு முறுக்கையும் மட்டுமே. ஆக்சிலேட்டரைப் பாதி முறுக்கும்போது பெட்ரோலை அளப்பது ஊசி. முழுதும் முறுக்கினால் மெயின் ஜெட். நெடுஞ்சாலைத் திணறலுக்கு ஏர் ஸ்க்ரூவைத் திருகுவது, கால்வலிக்குக் காதில் சொட்டு மருந்து விடுவதாகும்.

இதனினும் கொடியது, லிட்டருக்குச் சில கிலோமீட்டர் கூடுமென்று மெயின் ஜெட்டையே சிறிதாக்குவது. கலவையில் பெட்ரோல் குறைய, வெப்பம் ஏறும். பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்வும். ஓடும் வண்டியின் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். விழுபவர் மெக்கானிக் அல்லர். பங்குகளில் இன்று கிடைக்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல், அதே ஜெட்டிலும் எரிபொருள் போதாமையை மிகுவிக்கிறது என்பதையாவது எண்ண வேண்டாமா?

பெட்ரோல் விலை தெரியுமா என்பார்கள். தெரியும், சிலிண்டரை போர் செய்து புதுப் பிஸ்டன் போடும் செலவும் தெரியும்.

திருப்புளியை எடுக்குமுன் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள்; இன்டேக் ரப்பரில் விரிசல் உண்டா என்று தடவிப் பாருங்கள். பிளக்கைக் கழற்றினால் அதுவே சொல்லும்: வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கரி படிந்திருந்தால் மிகை, காபிப்பொடி நிறமெனில் நலம். (குறளின் மருந்து அதிகாரத்தைப் பாடம் நடத்துபவனுக்கு இம்முறை புதிதன்று.) பைலட் ஜெட் அடைத்திருந்தால் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள், கம்பியால் குத்தினால் துளை அகன்று அளவு கெட்டுவிடும்.